உடைஞ்சு ஓடுறதை நிறுத்துறேன்: தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை

சனி, தேவிபட்டினம்

தேவிபட்டினத்துக் கடலில் அலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆடிக் காற்று தெற்கே மன்னார் வளைகுடாவைப் போட்டுப் புரட்டுகிற இந்த நாளிலும் இங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. நவபாஷாணத்தைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். நவதானியப் பொட்டலத்தைப் பிரித்துக் கல்லுக்குக் கல் இறைத்துக்கொண்டு ஒரு குடும்பம் சுற்றி வந்தது. ராமர் கடலை அடங்கச் சொன்ன இடம் என்று ஊரில் சொல்வார்கள், கோயில் பெயரே கடலடைத்த பெருமாள். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, தென்மேற்குக் காற்றை நிலம் மறைத்துவிடுகிறது என்பது பூகோளக் காரணம். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

விடுப்பில் வந்திருக்கிறேன். கடலோரமாகவே மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை என்று போய்ச் சாயல்குடியில் முடிப்பதாகத் திட்டம். துணைக்குச் சித்தப்பா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்து ஸ்டேஷன், கேட், சிக்னல் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்பது தெரியும், என்ன வேலை என்பது தெரியாது. அணுக்கரு இயற்பியல் என்றால் சொந்தக்காரர்கள் கூடங்குளமா, கல்பாக்கமா என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். சித்தப்பா அப்படி விடுகிற ஆள் இல்லை.

"அணுவை உடைக்கிற வேலையா தாயி?"

"உடைக்கிறது வேற ஆளுங்க சித்தப்பா. உடைஞ்சு ஓடுறதை நான் நிறுத்துறேன்."

சொல்லிவிட்டேன், இனி விளக்கியாக வேண்டும். நிலையாக இருக்கிற அணுக்கரு வகைகள் சுமார் 250தான். இதுவரை கண்டுபிடித்தவை 3,300க்கு மேல். இன்னும் பார்க்காதவற்றையும் சேர்த்தால் 7,000 வரை போகலாம் என்று கோட்பாடு சொல்கிறது. நிலையானவை போக மற்றதெல்லாம் சிதைந்துபோகிறவை. சில வருஷக்கணக்கில் இருக்கும், சில கண் இமைப்பதற்குள் போய்விடும். கடையில் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியத்தின் கருவில் 3 புரோட்டான், 3 அல்லது 4 நியூட்ரான். லித்தியம்-11 என்று ஒன்று உண்டு, அதில் நியூட்ரான் மட்டும் 8. கடைசி இரண்டு நியூட்ரான்கள் கருவோடு பட்டும் படாமலும் வெகுதூரம் பரவிக் கிடக்கின்றன. 1985-ல் ஜப்பானிய இயற்பியலாளர் தனிஹாட்டாவின் குழுவினர் அமெரிக்காவின் பெர்க்லியில் இதன் அளவை அளந்தபோது, இத்தனை சின்னக் கருவுக்கு இவ்வளவு பெரிய உடம்பா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகிற நேரம், 9 மில்லிசெகண்டுக்கும் குறைவு.

இப்படிப்பட்ட கருக்களைச் செய்ய இரண்டு வழி. ஒன்று, தடியான இலக்கில் புரோட்டானை அடித்து, அதைப் பழுக்கக் காய்ச்சி, உள்ளே பிறந்தவை மெல்லக் கசிந்து வெளியே வரும்வரை காத்திருப்பது. ஜெனீவாவில் ஐசோல்டே கூடத்தில் 1967 முதல் இப்படித்தான். வருவது சாதுவாக வரும், ஆனால் எல்லாத் தனிமமும் வராது. சூட்டுக்கு அசையாத உலோகங்கள் இலக்குக்குள்ளேயே தங்கிவிடும். ஆயுள் குறைந்தவை கசிவதற்குள் செத்துவிடும். இரண்டாவது வழியில் கனமான கருவை ஒளியின் பாதி வேகத்துக்குப் பக்கமாக முடுக்கி மெல்லிய தகட்டில் மோதவிடுவார்கள். சிதறிய துண்டுகள் அதே வேகத்தில் முன்னால் பாயும். எந்தத் தனிமமும் கிடைக்கும், ஒரு மைக்ரோசெகண்டுக்குள் கையில். கை என்று சொன்னது சும்மா. வினாடிக்கு 1,30,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒன்றை யார் கையில் பிடிப்பது? தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்கு அது போய்ச் சேர மில்லிசெகண்டில் கால் பங்கு போதும்.

"அத நிறுத்தி?"

"எடை போடணும்."

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.


ஞாயிறு, மண்டபம், பாம்பன்

மண்டபத்தில் காலையிலேயே பாசி எடுக்கிற பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றியிருக்கிறது, பாறை கிழித்துவிடும் என்பதற்காக. முதுகில் சாக்கு. ஓர் அக்கா துணியை அவிழ்த்துக் காட்டினார். நுனி விரல்கள் உப்பில் ஊறி வெளுத்து, ரேகை தெரியாமல் இருந்தன. ஆதார் கைரேகை மெஷின் எடுக்கமாட்டேன் என்கிறதாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பாம்பன் பாலத்துக்கு நடந்தோம். பழைய பாலம் 1914-ல் திறந்தது. கப்பல் வந்தால் நடுவில் இரண்டு பாதியையும் ஆட்கள் நின்று கையால் சுற்றித் தூக்குவார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நெட்டுக்குத்தாக மேலே ஏறுகிறது. சித்தப்பாவுக்குப் புதிய பாலத்தின்மேல் மரியாதை உண்டு, பாசம் பழையதன்மேல்தான். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே விழாது, வண்டி மண்டபத்திலேயே நிற்கும், பயணிகள் கார்டைத்தான் திட்டுவார்கள் என்று பழைய கணக்கையெல்லாம் எடுத்தார்.

அப்புறம் தானாகவே என் கதைக்கு வந்தார்.

"வேகமா வர்றத நிறுத்துறதுன்னா எங்ககிட்ட சாண்ட் ஹம்ப் உண்டு. லூப் லைன் முடியிற இடத்துல மணலைக் கொட்டி வச்சிருப்போம். பிரேக் பிடிக்காம வர்ற வண்டி அதுல ஏறி நின்னுடும். நிக்கிறது பெரிசில்ல தாயி. புதைஞ்ச வண்டியத் திரும்ப லைன்ல ஏத்தணும் பாரு, ராத்திரி பூரா ஆயிடும்."

இருபது பக்கம் எழுதினாலும் என் துறையின் சிக்கலை இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. கருவை நிறுத்துவது கஷ்டமே இல்லை. போதுமான தடிமனில் ஓர் அலுமினியத் தகட்டை வைத்தால் உள்ளே போய் நின்றுவிடும். உலோகத்தில் புதைந்ததை மில்லிசெகண்டுக்குள் வெளியே எடுக்க வழியில்லை. ஜாக்கியும் கிரேனும் வருவதற்குள் கரு சிதைந்து வேறொன்றாகிவிடும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். பெரும்பகுதி வேகத்தைத் திடமான தகடு தின்னட்டும், கடைசிக் கொஞ்சத்தை மட்டும் வாயு பார்த்துக்கொள்ளட்டும். வாயுவில் நின்றதை மின்புலத்தால் இழுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம். எண்ணில் சொன்னால், புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து 40 உள்ள ஒரு கரு வரும்போது அதனிடம் 400 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கும். எலெக்ட்ரான் வோல்ட் என்பது அணு உலகத்து ஆற்றலின் அலகு. எங்களுக்கு வேண்டியது சில எலெக்ட்ரான் வோல்ட்.

இதில் ஒரு தொல்லை உண்டு. கரு போகிற வழியில் எலெக்ட்ரான்களைத் தட்டித் தட்டித்தான் ஆற்றலை இழக்கிறது. லட்சக்கணக்கான சின்னச் சின்ன இடிகள். எல்லாம் தற்செயல் என்பதால் ஒரே வேகத்தில் புறப்பட்ட இரண்டு கருக்கள்கூட ஒரே இடத்தில் நிற்பதில்லை. போதாததற்குப் புறப்படும்போதே அவற்றின் வேகங்களில் வித்தியாசம் இருக்கும். தகட்டுக்குள் இந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கலாம். ஆனால் வாயு அடர்த்தி குறைந்தது, அங்கே அதுவே மீட்டர் கணக்கில் நீண்டுவிடும். வாயு அறையோ ஒரு மீட்டர் சொச்சம்தான். பாதிக் கருக்கள் முன்சுவரிலும் பாதி பின்சுவரிலும் போய்ப் புதையும்.

இதற்கு ஆப்புத் தகடு வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். முதலில் ஒரு காந்தம் கருக்களை வேகவாரியாகப் பக்கவாட்டில் விரித்துவிடும். வேகமானது தடித்த பக்கத்தில் நுழையும், மெதுவானது மெலிந்த பக்கத்தில். வெளியே வரும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகம். அழகான ஏற்பாடு இது. செய்தித்தாளில் ஒருநாளும் வராது.

"அப்ப காத்துலதான் நிறுத்துறீங்க."

"காத்துல இல்ல சித்தப்பா, ஹீலியத்துல."

ஏன் ஹீலியம் என்பதற்குள் இருட்டிவிட்டது. ராமேஸ்வரத்தில் ரூம்.


திங்கள், தனுஷ்கோடி

அரிச்சல்முனைக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் கடல். இடப்பக்கம் பெண் கடல், வலப்பக்கம் ஆண் கடல் என்று டிரைவர் காட்டினார். இந்த மாதத்தில் காட்டவே வேண்டாம். இடப்பக்கம் படகுகள் சும்மா நிற்கின்றன. வலப்பக்கம் சாலைக்கல்லுக்கு மேல் தண்ணீர் தெறிக்கிறது, பஸ் கண்ணாடி முழுக்க உப்பு.

இடிந்த ஸ்டேஷன் பக்கத்தில் சித்தப்பா இறங்கி நின்றார். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் இந்த ஊரை எட்டும் முன்பே கடல் அடித்துக்கொண்டு போனது. வண்டியில் இருந்தவர் யாரும் மிஞ்சவில்லை. அவர் அப்போது சின்னப் பையன். வேலைக்குச் சேர்ந்த பிறகு மூத்த கார்டுகள் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்களாம். பாலத்தை 46 நாளில் ஸ்ரீதரன் குழு சரிசெய்தது, தனுஷ்கோடிக்கு மட்டும் தண்டவாளம் திரும்பவேயில்லை.

கருவாட்டுக் குழம்பும் சோறும் போடுகிற ஒரு குடிசைக் கடையில் உட்கார்ந்து ஹீலியத்தை முடித்தேன்.

வேகமாக வருகிற கரு தன் எலெக்ட்ரான்களையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் நேர்மின்னூட்டத்தோடு வரும். மெதுவாகும்போது வழியில் கிடைத்த எலெக்ட்ரான்களை வாரி ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டு நடுநிலையாகிவிட்டால் மின்புலம் அதைப் பிடித்து இழுக்க முடியாது, கதை முடிந்தது. ஒரு மின்னூட்டமாவது மிச்சம் இருந்தாக வேண்டும், அப்படி மின்னூட்டத்தோடு நிற்கிற அணுவுக்குத்தான் அயனி என்று பெயர். தன் எலெக்ட்ரானை மிகக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கிற தனிமம் ஹீலியம். பிடுங்க 24.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும், வேறு எந்தத் தனிமத்துக்கும் இவ்வளவு இல்லை. கடைசி எலெக்ட்ரானை ஹீலியத்திடமிருந்து பறிக்க நம் அயனிக்குத் தெம்பு கிடையாது. அதனால் அயனியாகவே நிற்கும்.

ஹீலியம் சுத்தமாக இருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை. நூறு கோடி அணுவுக்கு ஒன்றிரண்டு நீர் மூலக்கூறு என்ற கணக்கில் சுத்தம். அதற்கு மேல் இருந்தால் அயனி போகிற வழியில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு வேறொரு மூலக்கூறாகி வரும், எடையும் மாறிவிடும். அறையை நாள்கணக்கில் சூடேற்றி உலர்த்துகிறோம். புதிய அறைகளைத் திரவ நைட்ரஜன் குளிருக்குக் கொண்டுபோய், மிச்சம் மீதி அழுக்கையெல்லாம் சுவரிலேயே உறையவைத்துவிடுகிறார்கள். நான் முன்பு இருந்த ஓரிடத்தில் ஒரு வளையம் மயிரிழை கசிந்தது. ஒரு வார பீம், அதாவது முடுக்கியிலிருந்து வருகிற துகள் கற்றை, வீண். எல்லாரும் டிடெக்டரைச் சந்தேகப்பட்டார்கள். சட்டை முதுகோடு ஒட்டுகிற இந்த ஈரக் காற்றில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

அடுத்தது கூட்ட நெரிசல். வாயுவுக்குள் நுழையும்போது கருவிடம் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீலியத்தில் ஓர் அயனி-எலெக்ட்ரான் ஜோடி உண்டாக 41 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகும். வகுத்தால் ஒரே ஒரு கரு நிற்பதற்குள் ஏறக்குறைய 50 லட்சம் ஜோடிகள்! எலெக்ட்ரான்கள் இலேசானவை, சட்டென்று போய்விடும். ஹீலியம் அயனிகள் கனம், மெல்ல நகரும். வினாடிக்குக் கோடிக் கருக்கள் வந்தால் அறை முழுக்க நேர்மின்னூட்டம் தேங்கி, நாம் போட்ட மின்புலத்தையே மறைத்துவிடும். அப்போது நமக்கு வேண்டிய ஒற்றை அயனி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுவரில் போய் ஒட்டும். பீமைக் கூட்டக் கூட்டக் கிடைப்பது குறையும். முடுக்கியின் திறனைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இந்த வரியைச் சொல்லமாட்டார்கள்.

"சுவத்துல ஒட்டாம எப்படி வெளியே எடுப்ப?"

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அறையின் ஒரு முகத்தில் சர்க்யூட் போர்டு இருக்கும், அதில் வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய செம்புக் கோடுகள். அடுத்தடுத்த கோடுகளுக்கு எதிரெதிரான ரேடியோ அலைவரிசை மின்னழுத்தம். நேர் மின்புலம் அயனியைப் போர்டை நோக்கித் தள்ளும். கிட்டே போனால் ரேடியோ அலை அதை வெளியே தள்ளும். இரண்டுக்கும் நடுவில் அயனி போர்டைத் தொடாமல் மிதக்கும். அதன்மேல் இன்னொரு மெதுவான அலையை ஓட்டினால் அயனிகள் அதில் ஏறி நடுவில் இருக்கிற ஓட்டைக்கு வந்து சேரும். ஓட்டை ஒரு மில்லிமீட்டர் சுமார். எங்கள் பேச்சில் இந்தப் போர்டுக்குக் கம்பளம் என்று பெயர். ஓட்டைக்கு அப்பால் நான்கு கம்பிகள் அயனியை ஏந்திப்போகும், கூடவே வந்த ஹீலியத்தைப் பம்புகள் உறிஞ்சிவிடும்.

கரு வாயுவில் நிற்க ஆகிற நேரம் நானோசெகண்டுகள். நின்ற இடத்திலிருந்து ஓட்டைக்கு வர மில்லிசெகண்டுகள், பழைய அறைகளில் நூறு மில்லிசெகண்டுகூட ஆகும். ஆராய்ச்சி முழுக்க இந்த இரண்டாவது எண்ணைக் குறைப்பதில்தான் இருக்கிறது. முதல் எண்ணைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. சித்தப்பாவின் மணல்மேடு மறுபடியும்.

குழம்பு நல்ல காரம். சித்தப்பா இரண்டாவது முறை சோறு வாங்கினார்.


செவ்வாய், திருப்புல்லாணி

பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விட்டது. திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்மேல் படுத்திருக்கிற ராமரைப் பார்த்தோம், சேதுக்கரையில் கால் நனைத்தோம், அவ்வளவுதான். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு இப்போதே பந்தல்கால் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஹீலியத்தைப் பற்றி விட்டுப்போன ஒன்று. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணம் நம் நாட்டின்மேல்தான் போனது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூருக்கு வந்து பார்த்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் பிடிபட்ட, யாருக்கும் இனம் தெரியாத மஞ்சள் கோடுதான் ஹீலியம். பூமியில் அதை ராம்சே கண்டுபிடித்தது 1895-ல். மணவாளக்குறிச்சி மோனசைட் மணலுக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. தோரியம் சிதையும்போது வருகிற ஆல்ஃபாத் துகள் எலெக்ட்ரான் சேர்த்துக்கொண்டு ஹீலியமாகி அங்கேயே அடைபட்டுக் கிடக்கும்.


புதன், கீழக்கரை

தொதல் வாங்காமல் கீழக்கரையை விட்டுப் போகக்கூடாது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டியது. கடைக்காரர் கத்தியில் எண்ணெய் தடவி வெட்டிக் கொடுத்தார். கறுத்துப் பளபளவென்று, தொட்டால் விரலைவிட்டு வரமாட்டேன் என்கிறது. முதல் கடியில் கருப்பட்டிப் புகை வாசம், கடைசியில் தேங்காய் எண்ணெய். பெட்டியில் ஒரு கிலோ.

ஜெட்டிப் பக்கம் நிழலில் உட்கார்ந்ததும் சித்தப்பா விட்ட இடத்தில் தொடங்கினார். "சரி, வெளிய எடுத்தாச்சு. எடை எப்படிப் போடுவ? அத்தனூண்டுக்குத் தராசா?"

தராசு இல்லை, சுழற்சி. காந்தப் புலத்தில் மின்னூட்டம் உள்ள எதுவும் வட்டமடிக்கும். வினாடிக்கு எத்தனை சுற்று என்பது மூன்றைப் பொறுத்தது: மின்னூட்டம், புலத்தின் வலிமை, நிறை. முதல் இரண்டும் தெரிந்தால் சுற்றை எண்ணி நிறையைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் லெபிட் என்கிற பொறியின் காந்தப் புலம் 9.4 டெஸ்லா (டெஸ்லா என்பது புல வலிமையின் அலகு). அதில் நிறை எண் 40 உள்ள, ஒற்றை மின்னூட்டம் கொண்ட அயனி வினாடிக்குச் சுமார் 36 லட்சம் சுற்று சுற்றும். பக்கவாட்டில் ஓடாமல் காந்தம் பார்த்துக்கொள்ளும். மேலும் கீழும் ஓடாமல் இரண்டு பக்கமும் மின்னழுத்தம் தடுக்கும். இதற்குப் பென்னிங் பொறி என்று பெயர். பெயர் வைத்த டெமெல்ட், வேறு வகைப் பொறியைச் செய்த வொல்ஃப்காங் பால், இருவருக்கும் 1989-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

"உள்ள எப்படிப் போகும்? போற வழியா வெளிய வந்துடாதா?"

நல்ல கேள்வி. மின்னழுத்தத் தடுப்பின் ஒரு பக்கத்தை இறக்கி, அயனி நுழைந்ததும் மைக்ரோசெகண்டு கணக்கில் ஏற்றிவிடவேண்டும். அதனால்தான் அயனிகள் வரிசையாக ஒழுகி வரக்கூடாது, முன்பே ஓரிடத்தில் குளிரவைத்துச் சேர்த்துக் கொத்தாக அனுப்பவேண்டும். வேகத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தால் உள்ளே நுழைந்து அப்படியே மறுபக்கம் போய்விடும். மெதுவாக்குவது என்று இத்தனை நாள் நான் சொன்னது எல்லாம் இந்தக் கதவுக்காகத்தான்.

அப்புறம் ஒரு ரேடியோ அலையைக் கொடுத்து அதிர்வெண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்போம். அயனியின் சுற்றோடு அது பொருந்தும்போது அயனி ஆற்றலை வாங்கிக்கொள்ளும். திறந்துவிட்டால் டிடெக்டருக்கு மற்ற நேரத்தைவிடச் சீக்கிரம் வந்து சேரும். எந்த அதிர்வெண்ணில் மிகச் சீக்கிரம் வந்ததோ அதுதான் விடை. 2006-ல் லெபிட் குழு கால்சியம்-38ன் நிறையை இப்படி அளந்தது. ஒளியின் பாதி வேகத்துக்குப் பக்கமாகப் பாய்ந்து வந்த துண்டை வாயுவில் நிறுத்திப் பென்னிங் பொறிக்குள் கொண்டுபோய் எடை போட்டது அதுதான் முதல் தடவை. அரை ஆயுள் 440 மில்லிசெகண்டு. பிழை 280 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 12 கோடியில் ஒரு பங்கு. புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கிற குவார்க்குகள் ஒன்றோடொன்று கலக்கிற விகிதங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் சரியாக 1 வரவேண்டும். வருகிறதா என்று சோதிக்கிறவர்களுக்கு இந்த மாதிரி நிறைகள் கட்டாயம் வேண்டும். வராவிட்டால் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

லித்தியம்-11ஐ வான்கூவரில் டைட்டன் குழு 2008-ல் பொறிக்குள் பிடித்தது. அது முதல் வழியில் செய்தது, வாயு அறை இல்லை, எனக்குப் பொறாமை உண்டு. அந்த இரண்டு நியூட்ரான்களையும் சேர்த்துப் பிரிக்க 369 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் போதும் என்று தெரிந்தது. சாதாரணக் கருவில் ஒரே ஒரு நியூட்ரானைப் பிரிக்கவே எட்டாயிரம் சுமார் வேண்டும். லித்தியம்-11 எவ்வளவு தளர்வாகக் கட்டியது என்பது அந்த எண்ணில் இருக்கிறது. எடை போடாமல் இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

"இதெல்லாம் எதுக்கு" என்று சித்தப்பா கேட்கவில்லை. பக்கத்தில் கூடு முடைந்துகொண்டிருந்தவர் கேட்டார். சித்தப்பாவின் மோதிரத்தைக் காட்டினேன். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய அதிர்வு பூமியில் பதிவானது. பின்னாலேயே தொலைநோக்கிகளில் அதன் ஒளியும் தெரிந்தது, கனமான தனிமங்கள் புதிதாகப் பிறந்ததற்கான அடையாளத்தோடு. தங்கம் உண்டாகிற வழி அது. கருக்கள் நியூட்ரான்களை அடுக்கடுக்காக விழுங்கி, இங்கே யாரும் பார்த்திராத வகைகள் வழியாகப் போய், பிறகு சிதைந்து தங்கமாக நிற்கும். எந்தப் படியில் விழுங்குவது நிற்கும், எந்தப் படியில் சிதையும் என்பதை முடிவு செய்வது அந்தக் கருக்களின் நிறை. நிறை கொஞ்சம் தப்பினால் கணக்கில் வருகிற தங்கத்தின் அளவே மாறிவிடும்.

அவர் மோதிரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பவுனு விலை குறையுமா?" என்றார்.


வியாழன், வாலிநோக்கம், சாயல்குடி

வாலிநோக்கம் உப்பளத்தில் காலையிலேயே கண் கூசுகிறது. காற்று பலமாக இருந்தாலும் உப்பு வாருகிறவர்கள் நிறுத்தவில்லை. அங்கிருந்து சாயல்குடி வரை பனைதான். கருப்பட்டி பார்க்கப் போன இடத்தில் மழைத்தூறல் பிடித்துக்கொண்டதால் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, இலேசான கருக்கள். அவை வாயுவில் வெகுதூரம் ஓடும், ஒரு மீட்டர் அறை போதாது. அறையை நீட்டிக்கொண்டே போகவும் முடியாது. இதற்கு மிச்சிகனில் ஒரு சைக்ளோட்ரானைத் திருப்பிப்போட்டுக் கட்டினார்கள். சாதாரண சைக்ளோட்ரானில் துகள் நடுவில் புறப்பட்டு, வேகம் கூடக் கூடச் சுருளாக விரிந்து விளிம்புக்கு வரும். இதில் கருவை விளிம்பில் நுழைத்து, 2.6 டெஸ்லா வரை போகிற காந்தத்துக்கு நடுவே குளிர்ந்த ஹீலியத்தில் ஓடவிடுவார்கள். வேகம் குறையக் குறையச் சுருள் சுருங்கி நடுவுக்கு வரும். ஓடுகிற தூரம் பல மீட்டர், இடம் மட்டும் ஓர் அறைக்குள். நடுவில் கம்பளம் காத்திருக்கும். ஹீலியம் அயனிகளும் சுருள் நெடுகப் பரவிக் கிடப்பதால் நெரிசலும் குறைவு.

சித்தப்பா குச்சியால் திண்ணை ஓரத்து மண்ணில் சுருள் போட்டுப் பார்த்தார். "வெளிய போற வண்டிய உள்ள கொண்டாந்துட்டீங்க."

"ஆமா."

"எத்தனை தப்பும்?"

கருவுக்குக் கருவும் பீமின் அளவைப் பொறுத்தும் மாறும் என்றேன். நன்றாக ஓடுகிற நாளில் உள்ளே வந்ததில் பத்தில் சில பங்கு வெளியே வரும், நெரிசலான நாளில் நூற்றில் ஒன்றுகூட வராது. அதே மிச்சிகனில் 2022-ல் தொடங்கிய புதிய முடுக்கியின் இலக்கு 400 கிலோவாட். அதில் பிறக்கிறவற்றையெல்லாம் நிறுத்தி எடுக்கிற அறை இன்னும் எங்கும் இல்லை. நெரிசலைச் சமாளிக்கக் கம்பளத்தை அறையின் நடுவிலேயே வைத்து, ஹீலியம் அயனிகளை உடனுக்குடன் அப்புறப்படுத்துகிற அமைப்பு ஒன்றை அங்கே செய்திருக்கிறார்கள். முடுக்கிக்கு ஆகிற செலவில் ஒரு சிறு பங்கை நிறுத்துகிற பக்கம் திருப்பினால் எவ்வளவோ செய்யலாம் என்பது என் கட்சி. நான் அந்தப் பக்கத்து ஆள், அப்படித்தான் சொல்வேன்.

தூறல் விட்டது. கருப்பட்டி இரண்டு கிலோ, சித்தப்பா பேரம் பேசி வாங்கினார். அடுத்து ராமநாதபுரம் போகிற பஸ் மூன்றரைக்கு என்றார்கள், நாலே முக்காலுக்கு வந்தது.